ஆறு உடம்பில் ஒரு கைதி: டிம் பிரைஸின் மானிங் நாடகம்

சொந்தமாக ஒரு அரங்கம்கூட இல்லாத நாடகக் குழு எங்கே போய் நாடகம் போடும்? நேஷனல் தியேட்டர் வேல்ஸ் 2012 ஏப்ரலில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது. தென்மேற்கு வேல்ஸில் ஹாவர்ஃபோர்ட்வெஸ்ட் என்ற சின்ன ஊரின் டாஸ்கர் மில்வர்ட் பள்ளி. காரணம் இருக்கு. விக்கிலீக்ஸுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கொடுத்த அமெரிக்க ராணுவ உளவு ஆய்வாளர் மானிங், பதின்ம வயதில் படித்தது அங்கேதான். அம்மா வேல்ஸ்காரர்.

டிம் பிரைஸ் எழுதிய அந்த நாடகம் 'தி ரேடிக்கலைசேஷன் ஆஃப் பிராட்லி மானிங்'. இன்று அவர் செல்சீ மானிங். தலைப்பு மட்டும் அன்று வைத்தபடி நிற்கிறது. ஜான் மெக்ராத் இயக்கினார். இணையத்திலும் நேரடியாக ஒளிபரப்பினார்கள். நான் மேடையில் பார்க்கவில்லை, அச்சான பிரதியைத்தான் படித்தேன். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் பிரதியைப் பற்றி.

'ரேடிக்கலைசேஷன்' என்பது பயங்கரவாதத்தைப் பற்றிப் பேசும்போது அரசுகள் பயன்படுத்துகிற சொல். பிரைஸ் அதைப் பிடுங்கி வேல்ஸ் வகுப்பறைக்குள் போடுகிறார். அங்கே கலக வரலாறு பாடமாக நடக்கிறது. வேல்ஸுக்கு அந்த வரலாறு நிறையவே உண்டு: 1831 மெர்தர் எழுச்சி, அதற்காகத் தூக்கிலிடப்பட்ட டிக் பெண்டெரின், 1839 முதல் 1843 வரை பெண் வேடமிட்டுச் சுங்கச் சாவடிகளை உடைத்த ரெபேக்கா கலகக்காரர்கள். இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பின்னாளில் இராக்கில் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தது என்று பார்வையாளர் கோடு போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. சர்வர் விழுந்ததும் லாகில் அதற்கு முந்தைய வரியைக் காட்டி "இதுதான் காரணம்" என்று சொல்லும் ஆட்கள் எல்லா டீமிலும் உண்டு. முன்னால் நடந்ததெல்லாம் காரணமாகிவிடுமா? 2013 பிப்ரவரியில் ராணுவ நீதிமன்றத்தில் மானிங் வாசித்த அறிக்கை, இராக்கில் தான் படித்த ஆவணங்களையும் போரைப் பற்றிப் பொது விவாதம் வரவேண்டும் என்ற எண்ணத்தையும் சுற்றியே நகர்கிறது. வகுப்பறைக் கதை வேல்ஸ் பார்வையாளருக்குப் பெருமையாக இருக்கும். சான்று என்று பார்த்தால் பலவீனம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நாடகம் மேடையேறியபோது மானிங் சிறையில் இருந்தார். அதற்கு முன் குவாண்டிகோவில் சுமார் ஒன்பது மாதம் தனிமை. பகலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காவலர் "நல்லா இருக்கியா?" என்று கேட்பார், பதில் சொல்லியாக வேண்டும். மறுத்துப் பேச வழியில்லாத ஒருவரின் மனசுக்குள் புகுந்து வசனம் எழுதுவது நியாயமா?

பிரைஸின் பதில் வடிவத்தில் இருக்கிறது. ஆறு நடிகர்கள், ஆணும் பெண்ணுமாக, மாறி மாறி மானிங் ஆகிறார்கள். முதல் அறுவரில் ஒருவர் அஞ்சனா வாசன். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்து, கார்டிஃபில் நடிப்புப் படித்தவர். காட்சிகளும் வரிசையாக வராது. வேல்ஸ், ஒக்லஹோமா, இராக், சிறை என்று தாவும். எந்த முகத்தையும் "இவர்தான் மானிங்" என்று பிடித்துக்கொள்ள முடியாது. எனக்குத் தெரியாது என்பதை எழுத்தாளர் இப்படி ஒத்துக்கொள்கிறார். 2013 ஆகஸ்டில் 35 ஆண்டுத் தண்டனை வந்த மறுநாள், தான் பெண் என்றும் பெயர் செல்சீ என்றும் மானிங் அறிவித்தார். உடனே பிரைஸைத் தீர்க்கதரிசி என்று சொல்லிவிட வேண்டாம். ஒரே உடம்பில் பூட்டாமல் விட்டதால் நாடகம் பொய்யாகிப் போகவில்லை, அவ்வளவுதான்.

அதே மாதம் எடின்பரோவில் மறுபடி மேடையேறியது. நாடகத்துக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசும் அந்த ஆண்டு இதற்குத்தான். குழு பின்னாளில் நிதி வெட்டில் சிக்கி மூடப்பட்டது. பிரதி புத்தகமாகக் கிடைக்கிறது. வாங்கினால் வகுப்பறைக் காட்சிகளை வேகமாகத் தாண்டிப் போகலாம். சிறைக் காட்சிகளை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்.