கமகம் இல்லாத நரம்பு: கெல்டிக் ஹார்ப்பைக் கேட்பது எப்படி?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் செட்டியார் கோயிலில் நாகசுரம் கேட்டு வளர்ந்த காதுக்கு, அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஹார்ப் முதல் தடவை சப்பென்றுதான் இருக்கும். இனிமை இருக்கிறது, ஆனால் ஒன்றுமே நடக்கவில்லையே என்று தோன்றும். நம் காது கமகத்தைத் தேடுகிறது. ஹார்ப்பில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். வீணையில்போல் மெட்டின் மேல் தந்தியை இழுத்து அசைக்க அங்கே வழியில்லை.

இந்த இடைஞ்சலை நம் முன்னோரும் பார்த்திருக்கிறார்கள். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்கவில்லை. மனம் நொந்து அவர் யாழையே உடைக்கப் போனார் என்கிறது பெரியபுராணம். யாழும் ஹார்ப் குடும்பம்தான். நம்மிடம் அது வழக்கொழிந்தது, வீணை நிலைத்து நின்றது. 1947இல் சுவாமி விபுலானந்தரின் ‘யாழ்நூல்’ வெளிவந்தபோது யாழைக் கணக்குப் போட்டுத்தான் மீட்க வேண்டியிருந்தது.

அயர்லாந்திலும் கிட்டத்தட்ட அதே கதி. 1792இல் பெல்ஃபாஸ்டில் ஹார்ப் கலைஞர்களைக் கூட்டியபோது வந்த ஐரிஷ்காரர்கள் பத்தே பேர். அவர்கள் வாசித்ததை எழுதிவைக்க அமர்த்தப்பட்ட எட்வர்ட் பன்டிங்குக்கு அப்போது 19 வயது. இன்று நாம் கேட்கும் பழைய மெட்டுகளில் பல அந்த இளைஞரின் ஏடுகளால் பிழைத்தவை.

ஆகவே கமகத்தை மறந்துவிட்டு, ஒலி எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மீட்டிய நரம்பு உடனே அடங்காது; அடுத்த சுரத்தோடு கலந்து ரீங்கரிக்கும். எதை ஒலிக்க விடுவது, எதை விரல் வைத்து அடக்குவது என்பதில்தான் பாதி வித்தை. பெல்ஃபாஸ்டுக்கு வந்த முதியவர் டெனிஸ் ஹெம்ப்சன் உலோகத் தந்திகளை நீண்ட நகத்தால் மீட்டினார். அந்த ஒலி மணியோசைபோல் நெடுநேரம் நிற்கும். இன்று பெரும்பாலும் நைலான் அல்லது குடல் நரம்பு, விரல்நுனி. ஒலி உருண்டையாக, சீக்கிரம் தணியும். அமெரிக்காவின் ஆன் ஹேமன் தந்தி ஹார்ப்புக்கே திரும்பியவர். கண்பார்வையற்ற மேதை கரோலனின் (1670–1738) மெட்டு ஒன்றை இரண்டு வகையிலும் கேளுங்கள், வித்தியாசம் உடனே பிடிபடும்.

அடுத்து நடன மெட்டுகள். ‘ஜிக்’ என்பது நமக்குப் பழகிய திஸ்ர நடை. தொடையில் தட்டிக்கொண்டே கேட்கலாம். மெட்டு பொதுவாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இருமுறை, பிறகு முழுவதும் மறுபடி. ஒவ்வொரு சுற்றிலும் சின்னச் சின்ன மாற்றம் வரும். சங்கதி கேட்கிற காதோடு கேட்டால் சலிக்காது. பிடிலுக்கும் குழல்களுக்கும் உரிய வேக அலங்காரங்களை ஹார்ப்பில் வாசிக்க 1970களில் முறை வகுத்தவர் மாய்ர நீ ஹாஹசிக். ஒரே சுரத்தை விரல் மாற்றி மாற்றிப் படபடவென்று அவர் தட்டும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

இன்றைய வாசிப்பில் இடது கை வெறும் துணை அல்ல. ஸ்காட்லாந்தின் கேட்ரியோனா மக்கே, பிடில் கலைஞர் கிறிஸ் ஸ்டவுட்டோடு வாசிக்கும்போது கீழ் நரம்புகளே தாளவாத்தியமாகிவிடும். இன்னொன்று: இன்றைய ஹார்ப்புகளில் பெரும்பாலும் ஒவ்வொரு நரம்பின் தலையிலும் சுரத்தை அரைப்படி ஏற்றும் சிறு லீவர் உண்டு. நரம்பு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சிலர் அதைத் தூக்கிவிடுவார்கள். சுரம் வழுக்கி ஏறும். நம் காது தேடிய அசைவு அங்கே கடுகளவு கிடைக்கிறது!

இவ்வளவும் பழகியபின் மதுரைக்காரர் தருண் சேகர் செய்து வாசிக்கும் புதிய யாழைக் கேளுங்கள். பாட்டு எப்படி என்பதை விடுங்கள். நரம்புகளை அவர் எங்கே அடக்குகிறார், எங்கே ஒலிக்க விடுகிறார் என்று மட்டும் பாருங்கள்.