தகவமைதலும் தகவமைத்தலும்

உயிரியற் பாடங்களில் 'ஒட்டகம் பாலைநிலத்திற்கேற்பத் தன்னைத் தகவமைத்துக் கொண்டது' என்பது போன்ற தொடர்கள் பெரிதும் வழங்குகின்றன. தொடரளவில் இவை வழுவற்றனவே. எனினும், இவற்றின் வினை தாம் உணர்த்தவந்த அறிவியற் கருத்தோடு முரணுகின்றது என்பது நம் துணிபு.

'தகவு' என்பது தகுதி. 'அமை' என்னும் வினையோ, 'அமைந்தது' எனத் தன்வினையாகவும் 'அமைத்தது' எனப் பிறவினையாகவும் நிற்கும். அமைந்தது என்றவழி நிகழ்ச்சி ஒன்றே தோன்றும். அமைத்தது என்றவழி அமைத்தவன் ஒருவனும் வேண்டப்படுவான். அதனோடு 'தன்னை' என்னும் செயப்படுபொருளும் 'கொள்' என்னும் துணைவினையும் சேரின், செய்ததும் பயன்கொண்டதும் ஒன்றே என்பது பெறப்படும். ஆகவே, ஒட்டகம் தன் தேவையுணர்ந்து தன் உடலைத் திருத்திக்கொண்டது என்னும் பொருளே மாணவர் உள்ளத்திற் பதியும்.

டார்வின் 1859இல் வெளியிட்ட நூலில் விளக்கிய இயற்கைத் தேர்வு இதனின் வேறு. பிறப்பிலேயே சிறிது சிறிது வேறுபட்ட உயிர்களுள், சூழலுக்குத் தகுந்தவை மிகுதியாக எஞ்சி வழித்தோன்றல்களைப் பெருக்குகின்றன. அவ்வியல்பு தலைமுறைதோறும் இனத்திற் பரவுகின்றது. ஈண்டுத் தன்னை அமைக்கும் உயிர் இல்லை, இனம் அமைகின்றது.

'பழகு' என்பது இன்னொன்று. 'பழ' என்னும் அடியிற் பிறந்தமையின், காலம் செல்லச் செல்ல வரும் இயைபை அது குறிக்கும். தாழ்நிலத்தான் ஒருவன் திபெத்திய மேட்டுநிலத்திற் சில வாரங்கள் தங்கின், அவன் குருதியிற் சிவப்பணுக்கள் மிகும். இறங்கி வந்தபின் குறையும். அவன் உடல் உயரத்திற்குப் பழகிற்று. திபெத்தியர் நிலை வேறு. அவருட் பெரும்பாலாரிடம் உள்ள மரபணு வேறுபாடு ஒன்று, குருதியில் ஈமோகுளோபின் மிகையாகாமற் காப்பதோடு தொடர்புடையது என 2010இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இது ஒருவர் வாழ்நாளிற் பெற்றதன்று, மரபில் வந்தது. அம்மக்கள் உயரத்திற்குத் தகவமைந்தனர் என்றலே பொருந்தும்.

அற்றேல், 'தகவமைத்துக் கொள்' என்பதனை விலக்கல் வேண்டுமோ எனின், வேண்டா. அயல்நாட்டிற் குடியேறியவன் அந்நாட்டு மொழியைக் கற்று, உடையையும் தொழிலையும் மாற்றுவது அவன் அறிந்தே செய்வது. அவனுக்கு அவ்வினை முற்றும் பொருந்தும்.

வழக்கு வலிமையுடைத்து ஆதலின் யாண்டும் அதனையே கொள்ளலாம் என்பாரும் உளர். வழக்கு மதிக்கத்தக்கதே. ஆயினும் கலைச்சொல் தோன்றியது தெளிவின் பொருட்டு. பழகுதல், தகவமைதல், தகவமைத்துக் கொள்ளுதல் என மூன்று கருத்துக்கு மூன்று வினைகள் நம்மிடம் இருக்க, ஒன்றையே மூன்றிடத்தும் வழங்குவது மொழியின் வறுமையன்று. நம் சோர்வே என்க.