எண்ணூர் ஆஸ்டினுக்கு ஒரு கடிவாளம்

அசோக் லேலண்ட் லாரிக்குப் பேர் பெறுவதற்கு முன்பே, 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களை அசெம்பிள் செய்தது. 1,200 சி.சி., 40 குதிரைத்திறன். நிதானமாக ஓட்டினால் தங்கம். கியர் விழாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தால்தான் வம்பு. எஞ்சின் அலறும், வால்வு ஸ்பிரிங் திணறும்.

அதற்குத்தான் ரெவ் லிமிட்டர். இக்னிஷன் காயிலுக்கும் சி.பி. (கான்டாக்ட் பிரேக்கர்) பாயிண்டுக்கும் நடுவே ஓடும் ஒயரில் துடிப்பை எண்ணும் சின்னப் பெட்டி. நாலு சிலிண்டருக்குச் சுற்றுக்கு இரண்டு பொறி. 4,500 சுற்றில் நிமிடத்துக்கு 9,000. எல்லை தாண்டினால் சில பொறிகளை விழுங்கிவிடும். எஞ்சின் விக்கும், உடையாது. எனக்கு அந்த விக்கல் சங்கீதம்!

பழைய ஆஸ்டினில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடிக்கு எர்த். நெகட்டிவ் எர்த் வண்டிக்கான லிமிட்டர் பெட்டியை அப்படியே கோர்த்துவிடாதீர்கள், புகைந்துவிடும்.