சாய்ந்த சதுரம் சாய்சதுரமா?

மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ படிக்கும் குழந்தை ஒன்று உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கும். பழைய திருமண அழைப்பிதழிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி எடுங்கள். அதன் ஒரு பக்கம் அடியில் அமையுமாறு பிடித்து, "இது என்ன?" என்று கேளுங்கள். "சதுரம்" என்று தயங்காமல் விடை வரும். இனி, குழந்தையின் கண்ணெதிரிலேயே அட்டையைத் திருப்பி, ஒரு முனையில் நிற்குமாறு காட்டுங்கள். பல குழந்தைகள் "டைமண்ட்" என்றோ "சாய்சதுரம்" என்றோ சொல்லக் கேட்பீர்கள்.

அட்டை மாறவில்லை, பக்கங்களின் நீளமும் மூலைகளின் கோணமும் மாறவில்லை. பெயர் மட்டும் ஏன் மாறிற்று? குற்றம் குழந்தையுடையதன்று. தள உருவங்களை நாம் கற்பிக்கும் முறையே இப்பிழையை வளர்க்கிறது.

கடைகளில் விற்கும் வடிவப் படத்தாள்களைக் கவனியுங்கள். சதுரம் எப்போதும் பக்கத்தின் மேல் அமர்ந்திருக்கும். செவ்வகம் எப்போதும் படுத்திருக்கும். முக்கோணமோ கோயில் கோபுரம் போல உச்சியை மேலே வைத்து நிற்கும். இவற்றை நாள்தோறும் பார்க்கும் குழந்தை, அந்த நிலையையும் வடிவத்தின் இலக்கணமாகவே கருதிவிடுகிறது. போதாக்குறைக்கு, "பந்து – வட்டம், செங்கல் – செவ்வகம்" என்றும் எழுதிவிடுகிறோம். பந்து வட்டமன்று, அது ஒரு கோளம். செங்கல்லைத் தாளின் மேல் வைத்துச் சுற்றிக் கோடிழுத்தால் கிடைப்பதே செவ்வகம்.

ஹாலந்து நாட்டுக் கணித ஆசிரியர்களான பியர் வான் ஹீலெ, டீனா வான் ஹீலெ தம்பதியர் 1957இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வுரைகளில் இதை ஆராய்ந்தனர். குழந்தை முதலில் வடிவத்தை அதன் மொத்தத் தோற்றத்தைக் கொண்டே அறிகிறது. அடுத்த படியில்தான் பக்கம், கோணம் ஆகிய பண்புகளைக் கொண்டு அறிகிறது. சதுரமும் ஒருவகைச் செவ்வகமே என்று உணர்வது அதற்கும் அடுத்த படி. வயது ஏறினால் மட்டும் குழந்தை படி ஏறிவிடாது. தக்க அனுபவங்களே அதை ஏற்றுகின்றன என்பது அவர்களுடைய முடிவு.

தமிழ்நாட்டில் 2007-08ஆம் கல்வியாண்டில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் பரவியது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. பாட்டும் விளையாட்டும் வகுப்புக்குள் வந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் குழந்தையின் கையில் அட்டை இருந்தால் மட்டும் போதுமா? அதிலுள்ள சதுரம் ஒரே நிலையில் நின்றால், சுவரில் தொங்கிய படம் கைக்கு வந்ததாகுமே தவிர வேறில்லை.

தக்க அனுபவத்தைத் தர விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியை எடுத்துக்கொள்வோம். அதனை அடுத்த சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் பருத்திச் சேலை நெய்யும் ஊர்கள். பாவு நூலும் ஊடை நூலும் செங்கோணத்தில் குறுக்கிடுவதை அங்குள்ள பிள்ளைகள் தறியிலேயே பார்க்கலாம். நிற நூல்களைச் சம இடைவெளியில் பாவிலும் ஊடையிலும் இட்டால், துணி முழுவதும் சதுரக் கட்டங்கள்! இதைவிடச் சிறந்த வடிவியல் பாடநூல் ஏது?

நீங்களும் செய்து பாருங்கள். சதுரக் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்றை மேசைமேல் விரியுங்கள். முதலில் அதை அப்படியே சுற்றித் திருப்புங்கள். கட்டங்கள் சாய்வாகத் தெரிகின்றன. ஆயினும் அவை சதுரங்களே. அடுத்து, எதிரெதிர் முனைகள் இரண்டைப் பிடித்து மெல்ல இழுங்கள். கட்டங்கள் ஒரு பக்கமாக நீண்டு ஒடுங்குகின்றன அல்லவா? நூல்களின் நீளம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அவை குறுக்கிடும் கோணம்தான் மாறிவிட்டது. நான்கு பக்கமும் சமம், ஆனால் மூலைகள் செங்கோணமல்ல. இப்போது கிடைத்ததே பாடநூல் படங்களில் காணும் சாய்சதுரம்! ஓர் ஈர்க்குச்சியால் மூலைவிட்டங்களை அளந்தும் பார்க்கலாம். சதுரத்தில் இரண்டும் சமம். இழுத்த கட்டத்தில் ஒன்று நீண்டும் மற்றது குறுகியும் இருக்கும்.

திருப்புவது வேறு, கோணத்தை மாற்றுவது வேறு. இந்த ஒரு வேறுபாட்டைக் கைகளால் உணர்ந்த குழந்தை பிறகு ஏமாறாது.

நம் கலைச்சொல்லுக்கும் இக்குழப்பத்தில் பங்குண்டு. 'முக்கோணம்' என்ற சொல் மூன்று கோணங்களை நேராகவே சுட்டுகிறது. 'சாய்சதுரம்' என்பதோ, சதுரத்தைச் சாய்த்தால் கிடைப்பது என்ற எண்ணத்தைத் தருகிறது. உயர் வகுப்பில் "சதுரமும் ஒருவகைச் சாய்சதுரமே" என்று படிப்பார்கள். அது உண்மைதான். ஆனால் அதன் காரணம் சாய்வன்று, நான்கு பக்கங்களும் சமமாக இருப்பதே. சொல்லை இன்று மாற்றுவது எளிதன்று. சொல்லித்தரும்போது விளக்குவது எளிது.

"இதெல்லாம் சிறு பிழை, வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பாரும் உண்டு. தேர்வுத்தாளில் முனைமேல் நிற்கும் சதுரத்தைக் கண்டு, ஒரு குழந்தை சிந்தித்துச் "சதுரம்" என்று எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடைக்குறிப்பில் "டைமண்ட்" என்றிருந்தால் அதற்குக் கிடைப்பது தவறுக் குறி. அன்றே அக்குழந்தை, அளந்து பார்ப்பதைவிட ஆசிரியர் விரும்பும் பெயரைச் சொல்வதே கணக்கு என்று கற்றுக்கொள்ளும். பின்னர் ஒன்பதாம் வகுப்பில் நாற்கரங்களின் பண்புகளை நிறுவச் சொன்னால் அது எதைக் கொண்டு நிறுவும்?

ஆகவே, ஆசிரியர்களே, அடுத்த முறை கரும்பலகையில் சதுரம் வரையும்போது ஒன்றையேனும் முனைமேல் நிறுத்துங்கள். மாணவர்களே, வீட்டிலுள்ள தம்பி தங்கையரிடம் கட்டம் போட்ட கைக்குட்டையைக் கொடுங்கள். பெயரைக் கேட்பதோடு நில்லாமல், "எப்படித் தெரியும்?" என்றும் கேளுங்கள். வடிவியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.