குடும்ப ஜெபமும் மணமகள் தேவையும்

குடும்பத்தைப் பற்றிப் பிரசங்கம் என்றால், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சபைகளில் ஒரு புத்திமதி கட்டாயம் வரும்: பிள்ளைகளுக்குப் போதிக்காதீர்கள், வாழ்ந்து காட்டுங்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை. வாழ்ந்து காட்டினால் பலிக்காது என்பதல்ல என் குறை. காட்ட நினைக்காததும் சேர்ந்து பலித்துவிடுகிறது என்பதுதான்.

முதலில் நன்றாகப் பலிக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி குடும்ப ஜெபம். பாயை விரித்து ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், அப்பாவின் ஜெபம். சின்னது பாதியில் தூங்கிவிடும். லேவியராகமம் ஓடுகிற மாதம் என்றால் பெரியவர்களும்தான். வேத அறிவு என்று கணக்குப் பார்த்தால் தேறுவது கொஞ்சம். ஆனால் அப்பாவின் ஜெபத்தில் யார் பெயரெல்லாம் வருகிறது என்பதைப் பிள்ளை காதில் வாங்கிக்கொண்டே இருக்கும். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன சித்தப்பா பெயர் ஒருநாள் அதில் வந்தால், மன்னிப்பைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் படித்ததற்கு அன்றைக்குத்தான் அர்த்தம் பிடிபடும். கைப்பிடி அரிசியும் இப்படித்தான். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து அம்மா ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். சேர்ந்தது கோயிலுக்குப் போகும். கை இறுக்கமான மாதத்திலும் அந்தப் பிடி சிறுக்காததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காணிக்கைப் பிரசங்கம் தேவைப்படாது.

ஆராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. வெர்ன் பெங்ட்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெற்குக் கலிபோர்னியாவில் 1970-இல் தொடங்கிப் பல தலைமுறைகளாகக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, 2013-இல் ஒரு நூல் வெளியிட்டார். பெற்றோரின் பக்தி மட்டும் போதாது, பிள்ளையோடு அவர்களுக்குள்ள பாசமும் நெருக்கமும் வேண்டும், அதிலும் தகப்பனின் நெருக்கம் முக்கியம் என்பது அவர் கண்டது. நம் ஊர் அப்பாக்கள் கவனிக்க வேண்டிய செய்தி. ஜெபத்தில் அரைமணி நேரம் உருகிவிட்டு, எழுந்ததும் ரேங்க் கார்டைக் கேட்டுக் கையை ஓங்குகிற அப்பாவிடம் பிள்ளை கற்றுக்கொள்வது ஜெபத்தை அல்ல.

ஆனால் நல்ல முன்மாதிரி இருந்தால் விசுவாசம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு வேதத்திலேயே ஆதாரம் குறைவு. ஆசாரியனான ஏலி தன் பிள்ளைகளை அடக்காமல் விட்டான், அவர்கள் கெட்டார்கள், சரி. தீர்க்கதரிசி சாமுவேல் என்ன தப்புச் செய்தான்? அவன் பிள்ளைகளும் பரிதானம் வாங்கினார்கள். தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் மேடைதோறும் புகழ்கிறவர்கள் சாமுவேலின் வீட்டுப் பக்கம் போவதே இல்லை. விளைவு, பிள்ளை சபைக்கு வருவதை நிறுத்திவிட்டால், பழி நேராக அம்மாவின் தலையில் விழுகிறது: வீட்டில் சாட்சி சரியில்லை போலிருக்கிறது என்று.

ஆங்கில எழுத்தாளர் எட்மண்ட் காஸ் தன் இளமையைப் பற்றி 1907-இல் எழுதிய ‘தந்தையும் மகனும்’ இன்னும் கசப்பான உதாரணம். அவருடைய அப்பா ஃபிலிப் ஹென்றி காஸ் பேர்பெற்ற இயற்கை ஆய்வாளர். பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்தவர். சொல்லும் செயலும் வேறுபடாத மனிதர், மகன்மேல் உயிரையே வைத்திருந்தவர். மகன் அந்த விசுவாசத்தைவிட்டு விலகியது அப்பாவின் போலித்தனத்தைக் கண்டு அல்ல. அப்பாவின் விசுவாசத்துக்குள் தன் கேள்விக்கு நிற்க இடமில்லை என்பதால். செய்து காட்டலாம், ஆனால் ஏன் செய்கிறோம் என்ற கேள்விக்கு வாயைத் திறந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, காட்ட நினைக்காததும் பலித்துவிடுகிறது என்று ஆரம்பத்தில் சொன்ன குறைக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை டியூஷனுக்காக ஆராதனை நிறுத்தப்படுகிறதே, அதுவும் முன்மாதிரிதான். இதைவிட ஆழமாக இறங்குவது சாதி. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகள் இன்றும் வீடுகளில் ஒலிக்கின்றன. அதே சாஸ்திரியார்தான், சபைக்குள் சாதி ஆசாரம் கூடாது என்ற மிஷனெரிகளை எதிர்த்தும் எழுதினார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை விட்டொழிக்கச் சொன்னபோது, தஞ்சையில் பலர் சபையையே விட்டுப் போனார்கள். பாட்டும் ஆசாரமும் சேர்ந்தே தலைமுறை இறங்கிவந்தன. யாரும் பாடம் எடுக்கவில்லை, பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போதும் கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரங்களில் ‘இரட்சிக்கப்பட்ட’ என்ற சொல்லும் சாதிப் பெயரும் ஒரே வரியில் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28-ஐ ஒப்புவித்துச் சின்ன வயதில் பரிசு வாங்கிய பையன், வேலைக்குப் போன இடத்தில் வேறு சாதிக் கிறிஸ்தவப் பெண்ணை விரும்புகிறான் என்று வையுங்கள். பல வீடுகளில் அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் தொடங்கும், அவன் மனம் திரும்பும்படி. பக்கத்து அறையில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கைக்குக் குழப்பம் ஒன்றும் இருக்காது. எந்த வசனம் ஒப்புவிப்பதற்கு, எது நடப்பதற்கு என்று அவளுக்கு அன்றே தெரிந்துவிடும். வாழ்ந்து காட்டுங்கள் என்று பிரசங்கிப்பவர்கள் இந்த வீட்டைப் பற்றியும் பிரசங்கிக்கலாம். அதற்கு அவர்கள் முதலில் தங்கள் வீட்டுக் கல்யாணங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.