சாதி கடந்த வாசிப்பும் இளையோர் நூற்பணியும்: பூமணியின் ‘அஞ்ஞாடி...’ நாவலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கழுகுமலைக் கலவரத்தைப் பேசும் பூமணியின் ‘அஞ்ஞாடி...’ நாவலைச் சமத்துவம் கற்பிக்கும் இளையோர் வாசிப்பு நூலாகப் பயன்படுத்தும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. நட்பை மட்டும் எடுத்துக்கொண்டு பூசலை விலக்கும் தெரிவு நாவலின் பொருளையே குறைத்துவிடும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: அஞ்ஞாடி, பூமணி, கழுகுமலை, கரிசல் இலக்கியம், இளையோர் வாசிப்பு, சமத்துவம்.

முன்னுரை

2023 ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதிப்பகையால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூன் மாதம் அளிக்கப்பட்ட அறிக்கை, சாதியைச் சுட்டும் வண்ணக் கயிறு, மோதிரம் முதலியவற்றைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்க ஆணை போதும். அதைக் கட்டத் தூண்டும் வரலாற்று நினைவை எதிர்கொள்ள நூல்கள் வேண்டும். பள்ளி நூலகமும் பொது நூலகமும் இளையோருக்கு எந்நூலை, எவ்வாறு தருகின்றன என்னும் வினா இங்கு எழுகிறது.

நட்பும் தேர்வீதியும்

கோவில்பட்டி வட்டாரத்தைச் சேர்ந்த பூமணியின் ‘அஞ்ஞாடி...’ 2012இல் வெளிவந்து, 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கலிங்கல் என்னும் சிற்றூரில் ஆண்டி, மாரி ஆகிய இருவரின் இளமை நட்பில் நாவல் தொடங்குகிறது. ஆண்டி பள்ளர் சமூகத்தவன். மாரி வண்ணார் சமூகத்தவன். தலைமுறைகளைக் கடந்து நகரும் கதை, 1895ஆம் ஆண்டுக் கழுகுமலைக் கலவரத்தையும் 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரத்தையும் உட்கொள்கிறது. எட்டயபுரம் ஜமீனின் ஆளுகையிலிருந்த கழுகுமலையின் தேர்வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமையை நாடார் சமூகத்தவர் கோரியதே 1895ஆம் ஆண்டுப் பூசலின் மையமாகும்.

மாணவர்க்கான பகுதியைத் தெரிவு செய்வோர் இளமை நட்பை எடுத்துக்கொண்டு, கலவரத்தை விட்டுவிட எளிதில் முனைவர். அவ்வாறு செய்யின், சாதி வேற்றுமை நல்லுள்ளத்தால் மறையக்கூடிய ஒன்றாகத் தோன்றும். நாவலோ தெருவில் நடக்கும் உரிமை யாருடையது என்னும் வினாவையும் அதே தொடர்ச்சியில் வைக்கிறது.

கண்ணாடியும் சாளரமும்

ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் சிறார் நூல்களைக் கண்ணாடி, சாளரம், நகரும் கண்ணாடிக் கதவு என உருவகித்தார். தன்னைக் காண்பதும், பிறரைக் காண்பதும், பிறர் உலகினுள் நுழைவதும் அவற்றின் பொருள். கழுகுமலைக்கு இவ்வுருவகம் முழுதும் போதவில்லை. ஒரே வகுப்பறையில் 1895இன் இருதரப்பு வழித்தோன்றல்களும் அமரக்கூடும். ஒரே பக்கம் இருவர்க்கும் கண்ணாடியாகிறது. ஒருவர் அதில் தம் முன்னோர் தடுக்கப்பட்டதையும், மற்றவர் தம் முன்னோர் தடுத்ததையும் காண்பர். பழம்புண்ணைக் கிளறுவதாகும் என்னும் ஆசிரியரின் அச்சம் பொருளற்றதன்று. எனினும் அவ்வரலாறு வகுப்பறைக்கு வெளியே, ஒருதரப்புப் பெருமிதமாகவோ வஞ்சமாகவோ முன்னரே சொல்லப்பட்டுவிடுகிறது. இருதரப்பினரும் உடனிருந்து கேட்கும் வாய்ப்பு வகுப்பறையிலேயே உண்டு.

நாவலுக்கு எல்லைகளும் உள்ளன. ஆயிரம் பக்கங்களைக் கடந்த நூலைப் பள்ளி மாணவர் முழுதும் படித்தல் அரிது. கரிசல் வழக்கு கோவில்பட்டி மாணவர்க்கு வீட்டுமொழி; பிறர்க்குச் சொற்பொருள் விளக்கம் தேவை. ஆகவே நட்புப் பகுதியையும் தேர்வீதிப் பகுதியையும் இணைத்த வாசிப்புத் தொகுப்பே பொருத்தமானது.

அதனுடன் கழுகுமலைச் சமணப் பள்ளியின் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் வைக்கலாம். ஏறத்தாழ 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த அவை, திருமேனி செய்வித்தோருள் தச்சர், குயவர் முதலிய தொழிலாளரையும், குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியரையும், மாணாக்கியரையும் குறிக்கின்றன. இதனைச் சமத்துவப் பொற்காலம் எனக் கொள்வது பிழை. ஆயினும் 1895இல் வரையப்பட்டிருந்த எல்லை இவ்வூரின் ஒரே வரலாறன்று என்பதை மாணவர் தம் மலையிலேயே கண்டறிய இயலும்.

முடிவுரை

பன்மையைப் போற்றும் இளையோர் நூற்பணி, பல சமூகத்தார் இடம்பெறும் நூல்களை அடுக்குவதோடு நிறைவுறாது. அச்சமூகங்களுக்கிடையே நிகழ்ந்த உரிமைப் பூசலையும் மறைக்காது வாசிக்கச் செய்தல் வேண்டும். ஆண்டியையும் மாரியையும் தேர்வீதியிலிருந்து பிரித்தெடுக்கும் பாடம் மாணவர்க்கு ஆறுதல் தரலாம். நாளை தம் தெருவில் என்ன செய்வது என்பதை அது கற்பிக்காது.