ஜெமினியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவர்

வேலையை விட்டுவிட்டு எழுதப் போனவர்கள் கதை என்றால் எனக்கு உயிர். யார், எப்போது, எந்தக் கம்பெனியில் ராஜினாமாக் கடிதம் நீட்டினார்கள் என்று கிரிக்கெட் பைத்தியம் ஸ்கோர் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிப்பேன். அதில் முதல் இடம் யாருக்கு என்று கேட்டால் மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்க மாட்டேன். அசோகமித்திரன்! 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டாரே, அந்த அசோகமித்திரன்! என்னோடு டீ குடிக்க வருகிற ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் இதைச் சொல்லியாகிவிட்டது. இரண்டு தடவை கேட்டவர்கள் இப்போது டீக்கடைப் பக்கம் என்னைப் பார்த்தால் எதிர்சாரிக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் உங்களைப் பிடித்துக்கொண்டேன், உட்காருங்கள்.

கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். வருஷம் 1952. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த ஜ. தியாகராஜன் என்கிற இருபத்தோரு வயதுப் பையன், அதாவது பின்னாளில் அசோகமித்திரன் ஆகப்போகிறவன், அப்பாவை இழந்த குடும்பத்தோடு மெட்ராஸில் வந்து இறங்குகிறான். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார். அந்தச் சிநேகிதர் யார் தெரியுமா? எஸ். எஸ். வாசன்! 'சந்திரலேகா'வின் ராட்சச முரசுகள் மேல் ஆட்களை ஆடவிட்டு 1948-ல் இந்தியாவையே வாய்பிளக்க வைத்த வாசன், 'ஆனந்த விகடன்' வாசன்! நாற்பத்து நாலு வருஷம் கழித்து, 1996-ல், இதே தியாகராஜனுக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்த தொகுதியின் பெயர் என்ன? 'அப்பாவின் சிநேகிதர்'! அந்தக் கதைக்கும் வாசனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எனக்கும் அது தெரியும், ஆனாலும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்த அன்று மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது, என்ன செய்யட்டும்!

சரி, ஜெமினியில் அவருக்கு என்ன வேலை? கதையா, வசனமா, டைரக்ஷனா? ஒன்றும் இல்லை. பேப்பர் வெட்டுகிற வேலை! பல விஷயங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வருகிற செய்திகளைக் கத்தரித்து எடுத்து ஃபைலில் சேர்த்து வைக்கவேண்டும், சிலதைக் கையாலேயே எழுதி வைக்கவேண்டும். ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, நாள் முழுக்கப் பேப்பர். பார்க்கிறவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியவில்லை. 'இவன் சும்மாதானே இருக்கிறான்' என்று எவன் எவனோ உள்ளே வந்து உட்கார்ந்து உபதேசம் பண்ணுவான், புலம்புவான், பொருமுவான். அதிலும் மேக்கப் இலாகாவில் ஒரு 'ஆபீஸ் பாய்' உண்டு. பாய் என்றால் பையன் இல்லை, நாற்பது தாண்டியவர்! நடிகனாகவோ டைரக்டராகவோ ஆகிவிடலாம் என்று ஸ்டூடியோவுக்குள் வந்து, கூட்டக் காட்சிக்கு வருகிற ஜனங்கள் முகத்தில் வாளியிலிருந்து பெயின்ட் அப்பிக்கொண்டு இருப்பவர். அவர் வந்து கொட்டுகிற மனப்பாரத்திலிருந்து தப்பிக்க, தினமும் கூட்டக் காட்சி ஷூட்டிங் இருக்கக்கூடாதா என்று நம் ஆள் ஏங்கியிருக்கிறார். இதையெல்லாம் அவரே பின்னாளில் ஆங்கிலத்தில் 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்று எழுதினார். அதிலிருந்து எடுத்த 'போயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்' சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடமாக இருந்தது. அதை மார்க்குக்காக நெட்டுருப் போட்ட பிள்ளைகளைப் பார்த்தால் தோளைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது. அடேய், உங்கள் கையில் இருந்தது என்ன தெரியுமாடா!

அந்த மேக்கப் அறையை எழுதியிருப்பார் பாருங்கள், படிக்கும்போதே நெற்றி வியர்க்கும். ராபர்ட் கிளைவின் குதிரை லாயம் என்று ஊரெல்லாம் நம்பிய கட்டடத்தின் மாடி. பெரிய பெரிய கண்ணாடிகள், நாலாபுறமும் இருந்து நெருப்பாகக் காயும் விளக்குகள், லாரி லாரியாக வந்து இறங்கும் பேன்கேக் மேக்கப் பூச்சு, அதற்கடியில் அவிந்துகொண்டு பாவப்பட்ட முகங்கள். அங்கே வங்காளி, மராட்டியர், தார்வார்க்காரர், ஆந்திரர், ஆங்கிலோ-பர்மியர், உள்ளூர்த் தமிழர் என்று தேசம் மொத்தமும் சேர்ந்து நல்ல முகங்களை விகாரமாக்கிக்கொண்டிருந்தது என்று அவர் நக்கலாகச் சொல்லும்போது நான் பஸ்ஸில் உரக்கச் சிரித்து, பக்கத்து சீட்டு அம்மாள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

என் அசோகமித்திரன் பைத்தியம் முற்றியது எப்படி என்றால், ஒரு விடுமுறை நாளில் வீட்டில் சேர்ந்து கிடந்த பழைய பேப்பர்கட்டை அவிழ்த்து, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கை செய்ததை என் கை செய்து பார்க்கட்டுமே! மின்விசிறியை நிறுத்தவேண்டியிருந்தது, இல்லாவிட்டால் துண்டெல்லாம் பறக்கிறது. விரல் நுனி கறுத்தது, மூக்கில் மக்கிய காகித நெடி, கட்டை விரலில் கத்தரியின் வளையம் அழுத்திச் சிவந்த தடம். ஒரு பக்கம் முழுக்கப் படித்து, இதில் எது வேண்டும் எது வேண்டாம் என்று தீர்மானித்து, வேண்டியதை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை சார்! அம்மா எட்டிப் பார்த்து, "எடைக்குப் போடறதுக்கு வெச்சிருந்தேன், அதைப் போய் ஏன்டா கொத்தறே?" என்றாள். நான் குதித்து எழுந்தேன். "அம்மா, புரிஞ்சுபோச்சு! அந்த மனுஷன் இப்படித்தாம்மா எழுதக் கத்துக்கிட்டிருக்கணும்!" அம்மா துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஆனால் நீங்களே சொல்லுங்கள், அசோகமித்திரன் வாக்கியத்தில் வெட்டி எறிய ஒரு சொல் கிடைக்குமா? பதினான்கு வருஷம் கத்தரித்த கை அல்லவா அது!

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1966. வயது முப்பத்து நாலு, முப்பத்தைந்து. குடும்பம் இருக்கிறது. மாதச் சம்பளம் இருக்கிறது. வெளியே சொன்னால் ஜனங்கள் திரும்பிப் பார்க்கிற கம்பெனிப் பெயர் இருக்கிறது. தமிழில் சிறுகதை எழுதினால் என்ன கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தே விட்டார்! மறுபடி சொல்கிறேன், அந்தக் காலத்தில், தமிழில் எழுதிப் பிழைப்பதற்காக, ஜெமினியை விட்டார்! எந்த நாற்காலியிலிருந்து எழுந்தார், எந்த வாசல் வழியாக வந்தார் என்பதையெல்லாம் நான் எத்தனை விதமாகக் கற்பனை பண்ணியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு சாயங்காலம் தாங்கமாட்டாமல் நேரே அந்த இடத்துக்கே போய்விட்டேன். ஸ்டூடியோ எப்போதோ போய்விட்டது, அந்த வளாகத்தின் ஒரு பகுதியில் இன்று பார்க் ஓட்டல் நிற்கிறது. மேம்பாலத்தை மட்டும் ஊர் இன்னும் ஜெமினி என்றே கூப்பிடுகிறது. ஓட்டலுக்குள் போய், சில்லென்ற ஏசியில், என் ஒரு வாரத்து டிபன் காசை விழுங்குகிற காபி ஒன்றைச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது குனிந்து செருப்பு நாடாவைச் சரிசெய்வதுபோலத் தரையைத் தொட்டுக்கொண்டேன். என் செருப்பில் நாடாவே கிடையாது. பரிமாறிய பையன் பார்த்துவிட்டான், பார்க்கட்டும்!

அங்கிருந்து கிளம்பி அண்ணா சாலையில் நடக்க ஆரம்பித்தேன், ஏனென்றால் எனக்கு இன்னொரு புண்ணிய ஸ்தலம் பாக்கி: மவுன்ட் ரோடு தபாலாபீஸ் வாசல் நடைபாதை! கதை தெரியுமல்லவா? ஜெமினிக்கு ஒரு தடவை ஓர் ஆங்கிலக் கவிஞர் வந்து பேசிவிட்டுப் போனார். அவர் உச்சரிப்பு ஒருவருக்கும் புரியவில்லை, சினிமாக் கம்பெனிக்கு அவர் ஏன் வந்தார் என்பதும் புரியவில்லை. வேலையை விட்டபிறகு, கையில் காசு குறைவு, நேரம் நிறைய என்றிருந்த நாட்களில், இதே நடைபாதையில் ஒரே புத்தகத்தின் புதுப் பிரதிகள் குவிந்து கிடக்கின்றன, விலை ஐம்பது பைசா. ரஷ்யப் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டையொட்டி மாணவர்களுக்கென்று வந்த மலிவுப் பதிப்பு. ஒன்றை வாங்குகிறார். 'தி காட் தட் ஃபெயில்ட்'. கம்யூனிசத்தை நம்பிப் போய்க் கசந்து திரும்பிய ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைகள், ஆறு பேரில் ஒருவர் ஸ்டீபன் ஸ்பெண்டர், அன்றைக்கு ஸ்டூடியோவில் புரியாமல் பேசிவிட்டுப் போன அதே கவிஞர்! கம்யூனிசத்துக்கு ஆகாத ஒருவரைக் கம்யூனிசத்துக்கு ஆகாத ஒரு ஸ்டூடியோ ஏன் வரவேற்றது என்கிற புதிர் அங்கே, அந்த நடைபாதையில், அரை ரூபாய்க்கு அவிழ்கிறது! ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோது கிடைக்காத பதில், ஆபீஸை விட்டு வெளியே வந்து தெருவில் நின்றபோது கிடைத்ததே, இதைவிட என்ன வேண்டும்! ஆயிரம் விளக்கு தாண்டி, ஸ்பென்சர் தாண்டி, பஸ் புகையும் வறுகடலை வாசனையுமாக நான் அங்கே போய்ச் சேர்ந்து, நடைபாதையில் அசடு மாதிரிச் சிரித்துக்கொண்டே நின்றேன். ஒருவர் வழி கேட்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போனார்.

ஆனால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. வெளியே வந்த மனிதர் என்ன செய்தார் என்பதல்லவா விஷயம்! 'கரைந்த நிழல்கள்' எழுதினார்! ஐயோ, அந்த நாவலை நான் முதன்முதலாகத் திறந்த ராத்திரியை எப்படிச் சொல்வேன், சும்மா நாலு பக்கம் புரட்டிவிட்டுத் தூங்கலாம் என்று எடுத்தேன், விடியற்காலை இருட்டில் அவுட்டோர் ஷூட்டிங்குக்கு ஆளையும் வேனையும் ஒன்றுசேர்க்கப் படாதபாடு படுகிற புரொடக்ஷன் மானேஜர் நடராஜன் பின்னாலேயே நானும் ஓட ஆரம்பித்தவன்தான், ஒரு அத்தியாயம் முடிந்தால் அடுத்தது வேறொருவனைப் பிடித்துக்கொள்கிறது, உதவி டைரக்டர் ராஜகோபால் வருகிறான், கடனில் கழுத்துவரை மூழ்கிய தயாரிப்பாளர் ரெட்டியார் வருகிறார், ஷூட்டிங்குக்கு வராமல் படுத்துவிட்ட நடிகை ஜயசந்திரிகாவின் வீட்டுக்குள் அவர் புகுந்து நிற்கிற அந்த இடம் வருகிறது, எனக்கு உள்ளங்கை வியர்த்துப் பக்கம் ஒட்டிக்கொண்டது, பெரிய ஸ்டூடியோ முதலாளி ராம ஐயங்கார் வருகிறார், கதாநாயகன் என்று எவனும் இல்லை, பெரிய சம்பவம் எல்லாம் பக்கத்துக்கு வெளியே எங்கேயோ நடந்து முடிந்துவிடுகிறது, நமக்குக் கிடைப்பது அதன் தூசிதான், ஆனால் அந்தத் தூசியில் ஒரு தொழிலே, ஆயிரம் பேர் வயிற்றுப்பாடே தெரிகிறது, நடராஜன் கடைசியில் என்ன ஆனார் என்று தெரிந்த நிமிஷத்தில் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன், அது என்ன என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லவே மாட்டேன், ஆனால் அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது, சத்தம் போட்டே சொன்னேன்: இந்த மனுஷன் வேலையைத்தான் விட்டிருக்கிறார், ஸ்டூடியோவை விடவே இல்லை! மானேஜர், டிரைவர், துணை நடிகை, சம்பள பாக்கி, கூஜா, வேன், எல்லாவற்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டல்லவா வெளியே வந்திருக்கிறார்! வாட்ச்மேன் சோதித்திருந்தால் மாட்டியிருப்பார்!

'புலிக்கலைஞன்' படித்திருக்கிறீர்களா? வேலையில்லாமல் சோம்பிக் கிடக்கிற ஒரு சினிமாக் கம்பெனி ஆபீஸ், வாய்ப்புக் கேட்டு வருகிறான் ஒல்லியாக ஒருத்தன், டகர்பாயிட் காதர். புலி வேஷம் கட்டுவேன் என்கிறான். செய்து காட்டு என்றதும், யா அல்லா, அந்த அறைக்குள் நிஜமாகவே ஒரு புலி பாய்கிறது! படித்துக்கொண்டிருந்த நான் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தேன், சத்தியம். புலியைப் பார்த்துவிட்ட ஆபீஸுக்கோ, அவனுக்குக் கொடுக்க ஒரு வேலை இல்லை. பேப்பர் வெட்டுகிற மேஜையில் உட்கார்ந்திருந்தவரைத் தவிர வேறு யாரால் இதை எழுத முடியும்! பிறகு 1973-ல் 'தண்ணீர்', ஒரு தெருவும் அடிபம்பும் குடமும் ஜமுனாவும். 1977-ல் 'பதினெட்டாவது அட்சக்கோடு', ரஜாக்கர் காலத்துச் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் சந்திரசேகரன். நடுவே 'கணையாழி'யின் ஆசிரியர் பொறுப்பு. இருநூறுக்கு மேல் சிறுகதைகள். 2017 மார்ச்சில், எண்பத்தைந்து வயதில் இறக்கும்வரை பேனா கீழே இறங்கவில்லை!

பணக்கஷ்டம் இல்லையா? இருந்தது, நிறையவே இருந்தது. நடை வறட்சி என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், அவர்களுக்கு நாலு தடவை படித்தால் சரியாகிவிடும். அயோவா போய்வந்து எழுதிய 'ஒற்றன்' பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, ஆரம்பித்தால் நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது.

ஆகவே, தயவுசெய்து, என் தலைமேல் ஆணையாக, 'கரைந்த நிழல்கள்' வாங்கி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள். சின்ன நாவல், ராத்திரிக்குள் முடிந்துவிடும். திங்கட்கிழமை ஆபீஸில் போய் உட்கார்ந்து சும்மா தலையைத் திருப்பிப் பாருங்கள்: டிராவல் பில்லை மூன்றாம் தடவை திருப்பி அனுப்புகிற அக்கவுன்டன்ட், முதலாளியின் ரகசியம் எல்லாம் தெரிந்த டிரைவர், பதினைந்து வருஷமாகப் பிரமோஷனுக்குக் காத்திருக்கிற பக்கத்து மேஜை. உங்கள் நாவல் சம்பளம் வாங்கிக்கொண்டு உங்களைச் சுற்றியே நடமாடிக்கொண்டிருக்கிறது ஐயா! ராஜினாமாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சட்டைப்பையை நிரப்புங்கள்!